தகரம் மூச்சு விடமாட்டான்

“மாஸ்டர், என் குரல் எங்கே போச்சு?” என்று கேட்டான் எபிநேசர்.

பெரம்பூரில் ஒரு சலவைக்கடைக்கு மேலே, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒலிப்பதிவு அறை. மாஸ்டர் என்பவள் அங்கே ஒலிப்பதிவு செய்யும் வின்சி. சீடனைவிடப் பத்து வயது சின்னவள். அவன் அவளை மாஸ்டர் என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

“தொண்டை கட்டியிருக்கா, அண்ணா?”

“அதெல்லாம் இல்லை. வாயைத் திறந்தா தகரம்தான் பேசுறான்.”

தகரம் என்று ஊரில் யாரும் கிடையாது. எபிநேசர் தன் ராப் ஆல்பத்துக்காகக் கற்பனை செய்த ஆள். பெற்றவர்கள் இல்லை, பயம் இல்லை, மரியாதையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. இரண்டு வருஷத்தில் பதினொரு பாட்டு அவன் பாடியாயிற்று.

அவன் ஸ்டுடியோவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்தான். குழம்பில் உப்பு குறைந்தால் தகரம் பேசினான். சிலிண்டர் வரத் தாமதமானால் தகரம் பேசினான். எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்?

“ரெஜினா என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா, மாஸ்டர்? ‘நான் கட்டிக்கிட்டது எபியை. இந்த ஆளுக்குச் சோறு வடிக்க என்னால ஆகாது. உன் குரல்ல ஒரே ஒரு பாட்டு பாடி அனுப்பு, வர்றேன்.’ தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பதினெட்டு நாளாச்சு.”

“பாட வேண்டியதுதானே?”

“மைக் முன்னால நின்னா அவன்தானே வர்றான்!”

“பாடுங்க, பார்ப்போம்.”

பாடினான். ரெஜினா என்ற பெயரே மிரட்டலாக வந்தது.

வின்சி ஹெட்போனைக் கழற்றினாள். “ஆமா. தகரம்தான்.”

“அது எனக்கே தெரியும். வழி சொல்லுங்க.”

“முதல் நாள் எனக்கு ஒரு கண்டிஷன் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

“தகரம் மூச்சு விடமாட்டான்.”

ராப் பாடுகிறவன் வரிக்கு வரி மூச்சை இழுத்தாக வேண்டும். மைக்கில் அது கேட்கும்; மனுஷன் என்று காட்டிக் கொடுத்துவிடும். தகரம் அப்படி மாட்டலாமா? அதனால் பதினொரு பாட்டிலும் ஒவ்வொரு மூச்சையும் கம்ப்யூட்டரில் தேடித் தேடி வெட்டினாள் வின்சி.

“வெட்டினதெல்லாம் எங்கே?” என்று கேட்டான்.

“நான் எதையும் அழிக்கிறதில்லை, அண்ணா. உட்காருங்க.”

துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஓடவிட்டாள்.

தாளம் இல்லை. சொல் இல்லை. மூச்சு மட்டும். அவசரமாக ஒன்று. திணறி ஒன்று. சிலவற்றின் அடியில் மெல்லிய விசில் சத்தம், கதவுக்குப் பின்னால் பூனைக்குட்டி அழுகிற மாதிரி. ஏழாவது பாட்டில் வெட்டிய துண்டுகள் வந்த இடத்தில், உள்ளே போகும்போதே உடைந்துபோன ஒரு மூச்சு.

எபிநேசர் நிமிர்ந்தான். “இது யாரு?”

வின்சி அந்தப் பதிவை அவன் போனுக்கு அனுப்பினாள். பிறகு போனை அவன் கையிலிருந்து பிடுங்கி, ரெஜினாவுக்குத் தட்டிவிட்டாள்.

“ஐயோ மாஸ்டர்! அவ பாட்டு கேட்டா. இதுல ஒரு வார்த்தைகூட இல்லையே!”

“இல்லைதான்.”

“என்னைப் பைத்தியம்னு நினைப்பா.”

“உங்களையா, தகரத்தையான்னு பார்ப்போம்.”

பதிவு நாலு நிமிஷம். கீழே இஸ்திரிப்பெட்டி மேஜையில் இடிக்கிற சத்தம் கேட்டது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. வின்சி ஸ்பீக்கரைப் போட்டாள்.

எபிநேசர் வாய் திறக்க ரெஜினா விடவில்லை.

“எபி, மறுபடியும் இழுப்பா? இன்ஹேலரை எங்கே தொலைச்சே? மாடிப்படி இறங்காதே, அங்கேயே உட்காரு. வந்துக்கிட்டிருக்கேன்.”