எலுமிச்சம்பழம் காட்டிய வாட்டம்

பதினோரு பாலம் கட்டி ஓய்வுபெற்றவர் எஞ்சினியர் நெல்லையப்பன். ஒரு பாலமும் அசைந்ததில்லை. அசைந்தது அவர் வீட்டு வாஷிங்மெஷின்தான். துணி பிழியும்போதெல்லாம் தடதடவென்று ஆடி, ஒரு முழம் தள்ளிப்போய் நிற்கும்.

வீட்டு வேலைக்கு வரும் பேச்சித்தாயைக் கூப்பிட்டார்.

"நீ துணியை அள்ளித் திணிக்கிறதாலதான் ஆடுது. இன்னைக்கும் நகர்ந்துச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

பேச்சித்தாய் சமையலறைக்குப் போனாள். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து மெஷின் பக்கத்தில் தரையில் வைத்தாள். அது உருண்டு உருண்டு மூலையில் தண்ணீர் போகும் துளையில் போய் முட்டி நின்றது.

"இந்தப் பழத்துக்குள்ள நான் எத்தனை துணி திணிச்சேன் ஐயா?"

அவருக்குச் சுருக்கென்றது. "தண்ணி வடியணும்னு நான்தான் தரைக்கு வாட்டம் வைக்கச் சொன்னேன். அதுல தப்பே கிடையாது."

"தப்புன்னு யாரு சொன்னா? நீங்க தண்ணிக்குச் சொன்னதை மெஷினும் கேட்டு நடக்குது, அவ்வளவுதான்."

அவருடைய பழைய ரப்பர் செருப்பு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். இரண்டு துண்டு வெட்டி, பள்ளத்துப் பக்கம் இருந்த மெஷின் கால்களுக்கு அடியில் கொடுத்தாள். துணியைப் போட்டு ஓட்டினாள். மெஷின் உறுமியது, ஆனால் இம்மியும் நகரவில்லை.

"நாளைக்கு வரவா ஐயா?"

நெல்லையப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வா. மீதிச் செருப்பைத் தூரப் போட்டுடாத. என் எழுத்து மேசையும் பத்து வருஷமா ஆடுது."