உப்புச் சேற்றுக் கூடு

அந்தக் காலத்தில் குருவிகளுக்குப் பேச வாய் இருந்தது, மனிதர்களுக்கு அதைக் கேட்கக் காதும் இருந்தது. கடலோரத்து உப்பள ஊர் ஒன்றில் வீட்டுக்கு வீடு தகைவிலான் கூடு இருந்தது. கருநீல முதுகும் கவட்டை வாலுமாக, காற்றிலேயே பூச்சி பிடித்துத் தின்று, பறந்தபடியே தண்ணீரும் குடித்துவிடும் அந்தச் சின்னக் குருவி. தரையில் அது இறங்குவதெல்லாம் கூட்டுக்குச் சேறு எடுக்க மட்டும்தான். அதன் தொண்டை ஏன் சிவந்தது, வால் ஏன் பிளந்தது என்று கேட்பவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி உப்பு வாரிப் பிழைத்தாள். புருஷன் பலவேசம், ஒரு கைப்பிள்ளை, உத்திரத்தில் ஒரு தகைவிலான் ஜோடி, இதுதான் அவள் குடும்பம். ஆமாம், குருவிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெட்டைக் குருவி அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளுக்குப் பேறுகால வலி கண்ட அன்று இரை தேடக்கூடப் போகாமல் உத்திரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. குளம் பாளம் பாளமாக வெடித்தது. பழைய கூடுகள் காய்ந்து உதிர்ந்தன. ஊருக்கென்று மிஞ்சியது மணலில் தோண்டிய ஓர் ஊற்றுதான். அதையும் பெண்கள் முறைவைத்துக் காத்தார்கள். சடைச்சியின் முறை வந்த அன்று, மடியில் பிள்ளை உதடு வெடித்துக் கிடந்தது. ஊற்றில் ஊறுவதைச் சிரட்டையால் வழித்துக்கொண்டிருந்தாள். பெட்டைக் குருவி வந்து பக்கத்தில் இறங்கியது.

"அக்கா, முட்டை வயித்துல நிக்கு. கூடு இல்ல. ஒரு வாய் சேறு எடுத்துக்கிடட்டா?"

"ஒரு வாயோட விடுவியளா? உன் சனம் பூராவும் வந்து கொத்துனா கரை சரிஞ்சிரும். ஊத்து மூடிக்கிட்டுன்னா என் பிள்ளை நாக்குல நான் எதை விடுவேன்?"

"வேற எங்கக்கா போவேன்?"

"ஏன், உப்பளத்துல இல்லாத சேறா? வேணுங்கிற மட்டும் எடு. யாரு கேக்கா?"

"உப்பு மண்ணு நிக்குமாக்கா?"

சடைச்சி சிரட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிக்கும், நிக்கும். போளா."

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். சேறு இல்லை என்று சொன்னதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் "நிக்கும்" என்று ஏன் சொன்னாள்? ஈரக்காற்று பட்டால் உப்பு கசியும் என்பது உப்பளத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அதற்காகத்தானே உப்பைக் குவித்த அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடுகிறார்கள்? அந்த நேரத்தில் அது அவள் நினைவில் எழவில்லை, எழ அவள் விடவும் இல்லை.

"நீ சொன்னா சரிதான்க்கா" என்று குருவி பறந்தது.

அது உப்புச் சேற்றை வாய் வாயாக அள்ளி வந்து, புல்லைக் கலந்து கட்டியது. மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிய காலம். கூடு கல்லாக இறுகி, வெள்ளை வெளேரென்று மின்னியது. மற்ற குருவிகள் வந்து பார்த்தன. "சடைச்சி அக்கா நிக்கும்னு சொன்னா" என்றது இது. அவ்வளவுதான், ஊர் முழுக்க உத்திரங்களில் உப்புக் கூடு ஏறிவிட்டது.

குஞ்சுகள் பொரிந்தன. சடைச்சி வீட்டுக் கூட்டின் விளிம்பில் நாலைந்து மஞ்சள் வாய்கள் எந்நேரமும் திறந்தபடி இருந்தன. பிள்ளையும் தேறி, அவற்றைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், யாரும் எதிர்பாராமல் கடலிலிருந்து கொண்டல் காற்று அடித்தது. ஈரக்காற்று! மழை வரப்போகிறது என்று ஊரே குலவையிட்டது. பெண்கள் குடங்களை முற்றத்தில் வைத்துவிட்டு, உப்பை மூட அளத்துக்கு ஓடினார்கள். சடைச்சியும் சிரித்துக்கொண்டேதான் ஓடினாள்.

ஓலையைத் தூக்கி அம்பாரத்தின் மேல் போடப் போனவள், அதன் அடியைப் பார்த்தாள். உப்பு ஏற்கெனவே வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஓலை கையிலிருந்து நழுவியது.

"ஏளா, அம்பாரத்தைப் போட்டுட்டு எங்க ஓடுத?" என்று பலவேசம் கத்தியது அவள் காதில் விழவேயில்லை.

வீட்டில் கூடு சொட்டிக்கொண்டிருந்தது. உரலைக் கவிழ்த்து ஏறி, இரண்டு கைகளையும் கூட்டுக்கடியில் கொடுத்துத் தாங்கினாள். கூடு அவள் விரல் இடுக்குகளில் கூழாக வழிந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கல்தரையில் விழுந்தன. ஒன்று மட்டும் உப்புக் கூழில் தோய்ந்தபடி உள்ளங்கையில் தங்கியது. தாய்தான் வந்துவிட்டது என்று நினைத்து அது வாயைத் திறந்தது. பிறகு தலையைச் சாய்த்துவிட்டது. வீட்டுக்கு வீடு குருவிகளின் அலறல் எழுந்தது. வெளியே ஊர் வேண்டிய மழை கொட்டத் தொடங்கியது.

பெட்டைக் குருவி வாய் நிறையப் பூச்சியோடு வந்தது. தரையைப் பார்த்தது. சடைச்சியின் கையைப் பார்த்தது. பூச்சிகள் ஒவ்வொன்றாக அதன் வாயிலிருந்து உதிர்ந்தன.

"உனக்குத் தெரியுமாக்கா, உப்பு மண்ணு நிக்காதுன்னு?"

"தெரியும்." இனியும் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "என் பிள்ளை தாகம்தான் கண்ணு முன்னால நின்னுது, தாயீ."

"பிள்ளை பொழைச்சிக்கிட்டானா?"

"பொழைச்சிக்கிட்டான்."

"நல்லாருக்கட்டும்" என்றது குருவி.

சாபமாக ஒரு வார்த்தை விட்டிருந்தால் சடைச்சி தலையில் தாங்கியிருப்பாள். அந்த வாழ்த்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குஞ்சைக் கையில் வைத்தபடி, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மழை விட்டதும் ஊரிலிருந்த தகைவிலான்கள் எல்லாம் துணி காயப்போடும் கயிறுகளில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பொழுது சாய்வதற்குள் மொத்தமாகக் கிளம்பி, வடக்கே, உப்பு எட்டாத தூரதேசத்துக்குப் பறந்துவிட்டன.

அங்கே குளிர் கண்டால் பூச்சி கிடைக்காது. பசிக்கு ரோஷம் ஏது? மறு வருஷம் குளிர்காலத்தில் திரும்பி வந்தன. சடைச்சி காத்திருந்தாள். குளத்து வண்டலை நல்ல தண்ணீர் விட்டுப் பிசைந்து, இரண்டு கையிலும் ஏந்தி முற்றத்தில் நின்றாள்.

"தாயீ, இது இனிப்பு மண்ணு. தொட்டுப் பாரு. ஒருக்கா எறங்கி வா."

பெட்டைக் குருவி தாழ்ந்து வந்தது. இறக்கைக் காற்று அவள் முகத்தில் பட்டது. ஈர மண்ணுக்கு மேலே சுற்றிய ஓர் ஈயைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விட்டது. சடைச்சி வருஷா வருஷம், கை நடுங்கும் வயது வரை, அப்படி நின்றாள். வந்த குருவிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

அன்று முதல்தான் தகைவிலான் நம் பக்கத்துக்குக் குளிருக்கு வருகிறது, கயிற்றிலும் கம்பியிலும் உட்கார்ந்து நம் வீடுகளைப் பார்க்கிறது, கோடை வெயில் ஏறியதும் வடக்கே போய்விடுகிறது. நாம் எந்த மண்ணைக் குழைத்துக் கொடுத்தாலும் இங்கே கூடு கட்டுவதில்லை.