மருந்துக்குப் பழகிய அசுவினி

பெரம்பலூர்ப் பக்கம் கோதண்டம் என்ற பண்ணையாரின் பருத்திக் காட்டில் மருந்தடிப்பவள் செம்பாயி. நான்கு முறை அடித்தும் அசுவினிப் பூச்சி சாகவில்லை. பண்ணையார் ஊரார் முன்னால் கத்தினார்: "நீ வெறும் தண்ணியை அடிச்சிருக்க! நாளைக்கு ஒரு பூச்சி உயிரோட இருந்தாலும் வேலைக்கு வராத!"

செம்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் அசுவினி மொய்த்த பருத்தி இலைகளையும், மருந்து படாத ரோட்டோர எருக்கஞ்செடியில் பிடித்த பொறிவண்டுகளையும் ஒரு சட்டியில் போட்டு, கொசுவலையால் மூடி, பண்ணையார் முன்னால் ஊரார் பார்க்கக் கொண்டுவந்து வைத்தாள்.

"அதே மருந்தை உங்க கையாலயே அடிங்க ஐயா."

அடித்தார். மதியத்துக்குள் வண்டுகள் மல்லாந்துவிட்டன. அசுவினி இலையில் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"செத்தது என்ன?" என்றார் பண்ணையார்.

"அசுவினியைத் தின்கிற வண்டுங்க. நான் ஒழுங்கா அடிச்சேன் ஐயா. அதான் காவல்காரன் செத்தான். திருடனுக்கு மருந்து பழகிப்போச்சு."

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் காட்டிலும் அதே மருந்துதான்.

பண்ணையாரின் குரல் தணிந்தது. "இப்ப என்ன பண்ணணும்?"

"வண்டு திரும்பி வர்ற வரைக்கும் மருந்தடிக்காம சும்மா இருக்கணும். உங்களால முடியுமான்னுதான் தெரியலை."

அவர் சும்மா இருந்தார். பாதிப் பருத்தி போயிற்று. மீதியை, இருபதாம் நாள் வந்து இறங்கிய வண்டுகள் காப்பாற்றின.