தலைக்கு எத்தனை இட்லி?

தவளைக்குட்டை ஊர்க்காரர்களுக்கும் தலை இருந்தது. தலைப்பாகை கட்டத் தோதாக இருக்கட்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த ஊர் மலையாண்டி தன் ஒரே மகளுக்குக் கல்யாணம் வைத்தார். "சாப்பாட்டில் குறை வந்தால் எழுந்து போய்விடுவோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆளுக்கு எத்தனை இட்லி என்று தெரிந்தால்தானே மாவு ஆட்ட முடியும்?

டவுனிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் வழி சொன்னார். "ஊர் பூராவும் வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு நாலு பேரைப் பிடிங்க. வயிறார இட்லி போட்டுச் சராசரி பாருங்க. அதையும் ஒத்தை எண்ணா நம்பாம, இதுலேருந்து இதுக்குள்ளன்னு வைங்க. இன்னும் நெருக்கமா வேணும்னா இன்னும் நிறைய பேருக்குப் போட்டுப் பாருங்க."

மலையாண்டியும் மச்சான் குழந்தையனும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். மூன்று ஆளும் ஓர் எருமைக்கன்றும் சிக்கின. மூன்று ஆளும் சேர்ந்து இருபது இட்லி தின்றார்கள். கன்று மட்டும் அறுபது.

"இதைச் சேர்க்கலாமாடா? பத்திரிகை வைக்கலையே?" என்றார் மலையாண்டி.

"பிடிச்சதை விட்டா வாத்தியார் பேச்சைத் தட்டினதாகாதா மச்சான்?"

ஆக, தலைக்கு இருபது.

"ஒத்தை எண் ஆகாதுன்னாரே?" என்றான் சமையல்காரன் திருமேனி. "ஒண்ணுமில்லாததிலேருந்து ஆயிரத்துக்குள்ளன்னு வைங்கண்ணே. சத்தியமாத் தப்பாது."

"அடேயப்பா! என்ன துல்லியம்! சரி, எவ்வளவு அரிசி ஊறப்போடணும்?"

"அதுவும் அதுக்குள்ளதான்."

அரிசி ஊறப்போட இன்னும் நெருக்கமாக வேண்டுமே! நிறைய பேர் என்றால் எத்தனை பேர் என்று மூவரும் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்கள். ஊரில் இருக்கிற அத்தனை பேரும்தான் என்று முடிவாயிற்று. வீட்டில் இருந்த அரிசியையெல்லாம் ஊறவைத்து ஆட்டி, கல்யாணத்தன்று காலையில் அந்த மாவு முழுவதையும் வார்த்து ஊருக்கே பரிமாறினார்கள்.

"ஏழு!" என்று கத்தினான் திருமேனி. "கூடவும் இல்லை, குறையவும் இல்லை!"

மலையாண்டி ஆனந்தத்தில் அழுதேவிட்டார். "சரி, இப்ப மாவை எடு."

மாவுப் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பசியோடு வந்து இலை முன் உட்கார்ந்தார்கள். "இட்லி எங்கே சம்பந்தி?"

"எங்க ஆளுங்க தலைக்கு ஏழு சாப்பிட்டாச்சு," என்றார் மலையாண்டி பணிவாக. "நீங்க கொஞ்சம் பேர்தானே? எல்லாரையும் சேர்த்து வகுத்தா உங்களுக்கும் ஆறுக்குக் குறையாது. கை கழுவிக்கலாம்."

இலை காய்ந்தது. சம்பந்தி எழுந்தார், கூட்டம் எழுந்தது, மாப்பிள்ளையும் மாலையைக் கழற்றி வீசிவிட்டுப் போனார். ஐயோ, என் மகள் வாழ்க்கை போச்சே என்று மலையாண்டி மார்பில் அடித்துக்கொண்டார்.

"அழாதீங்க மச்சான்," என்றான் குழந்தையன். "எல்லாரும் போனாங்கன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு பேரைப் பார்ப்போம்."

பார்த்தார்கள். மாப்பிள்ளையைக் காணோம். மாப்பிள்ளைத் தோழன் மட்டும் பந்தல் மூலையில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"ரெண்டுல ஒண்ணு இருக்கே! அப்ப சராசரிக்குப் பாதி மாப்பிள்ளை இங்கேதான் இருக்காரு!"

மலையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளை மணையில் உட்காரச் சொல்லிவிட்டு மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ம்... பாதிக் கெட்டிமேளம் கொட்டுங்க!"