வரதப்பனுக்கு விழாத ஓட்டு

மலைமேல் ஓர் ஊர். அங்கே தேர்தல் முறைப்படிதான் நடக்கும். பெட்டி வரும், மை வரும், போலீஸ் வரும். அதற்கு முந்தின நாள், தேர்தலில் நிற்கும் வரதப்பன் வருவான். வேடியப்பன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவரும் பெற்ற பிள்ளையின் தலையில் கைவைத்து, 'ஓட்டு உனக்கே' என்று சத்தியம் செய்ய வேண்டும். ஊரில் பாதிப்பேருக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல். ஆனாலும் பிள்ளை பிள்ளையல்லவா?

செங்காயிக்குப் பிள்ளை இல்லை. "அதனால என்ன, உன் ஓரகத்தி புள்ள இருக்குதில்ல?" என்றான் வரதப்பன். ஓரகத்தி மாதம்மாளின் மகள் தலையில் கைவைத்துச் செங்காயி சத்தியம் செய்தாள். மறுநாள் மறைப்புக்குள் நின்றபோது மனசு கேட்கவில்லை. எதிர்த்து நின்ற சடையனுக்கே முத்திரை குத்திவிட்டாள்.

எண்ணினார்கள். சடையனுக்கு ஒரே ஒரு ஓட்டு. அவனே தனக்குப் போட்டுக்கொண்டான் என்று சொல்லவும் வழியில்லை. அவன் பெயர் இருந்தது அடுத்த வார்டின் வாக்காளர் பட்டியலில். ஜெயித்தும் வரதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாளில் மாதம்மாளின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பும் வந்தது. மலை இறங்க அங்கே இருப்பது வரதப்பனின் ஜீப் ஒன்றுதான். ஊரே கூடி நின்றது.

"அந்த ஒத்த ஓட்டு யாருதுன்னு சொல்லுங்க. வண்டி இப்பவே கெளம்பும்" என்றான்.

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். செங்காயி முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க போட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, புள்ளைய ஏத்துங்க."

"அப்ப இது சாமி குடுத்த தண்டனை. நடுவுல நான் யாரு?" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது. "எம்புள்ள தலையில கைய வச்சுப் பொய் சொன்னியே, அக்கா" என்ற மாதம்மாள் அதன்பின் செங்காயியின் முகத்தில் விழிக்கவே இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சத்தியத்தை மீறியவள் செங்காயி. சொன்ன சொல் தவறியவன் வரதப்பன். சத்தியத்தைக் காப்பாற்றியது ஊர். இந்தப் பிள்ளையின் சாவு யார் தலையில் விடியும்?

விடை: வரதப்பன் என்பீர்கள். பாவி அவன்தான், அதில் புதிர் ஏது? ஆனால் ஓட்டு ஒன்றே ஒன்றாக விழுந்ததால்தானே அவனால் ஆளைத் தேட முடிந்தது? நூறு விழுந்திருந்தால் யாரைத் தேடியிருப்பான்? செங்காயியைத் தனியாக மாட்டிவிட்டது சத்தியம் தவறாத ஊர்தான். அந்த ஊரில் மாதம்மாளும் உண்டு. அவளும் சடையனுக்குப் போட நினைத்தவள்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று வரதப்பனுக்குப் போட்டாள்.