தொட்டிக்கு நடுவே ஒரு தட்டி

அந்தக் காலத்தில், தவளைக்கும் மீனுக்கும் மனுசருக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தபோது, ஓர் ஊரில் மூன்று வருசம் மழை பொய்த்தது. குளம் வற்றி, நடுப்பள்ளத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. அதில் ஒரு கெளுத்தி மீனும், நுணலி என்ற தவளையும் இருந்தார்கள். ஒரே தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் கெளுத்தி அக்காள், நுணலி தங்கை. வாய் நிறைய அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூப்பிடுவதற்கு என்ன, வாயா வலிக்கிறது?

நுணலிக்கு வயிறு நிறைய முட்டை. போன வருசம் இட்டதெல்லாம் சேற்றோடு சேர்ந்து காய்ந்துபோயிற்று. அதற்கு முந்தின வருசமும் அப்படியே. இந்தத் தடவை ஒரு பிள்ளையாவது கால் முளைத்துக் கரையேறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்தப் பள்ளத்துக்கு மண் வெட்ட வந்தார் மூக்க வேளான் என்ற குயவர். இருவரும் அவரிடம் அடைக்கலம் கேட்டார்கள். அவர் இளகின மனசுக்காரர். நாலு பேர் தன்னை மெச்ச வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் உண்டு. சரி என்று சொல்லிவிட்டு, அதுவரை யாரும் வனைந்திராத பெரிய தொட்டி ஒன்றைச் செய்து, சுட்டு, வேப்பமர நிழலில் வைத்தார்.

முழுக்கத் தண்ணீர் என்றால் மூச்சுமுட்டும், முழுக்க மண் என்றால் தோல் காய்ந்துவிடும் என்றாள் நுணலி. வழுவழுப்பான சுவரில் தனக்குக் கால் நிற்காது என்றும் சொன்னாள். வேளான் தொட்டியின் ஒரு பாதியில் கூழாங்கல்லைக் கொட்டி, மேலே மண் போட்டு, தண்ணீரை நோக்கிச் சரிவாக இழுத்துவிட்டார். மண்ணில் அருகும் வல்லாரையும் நட்டார். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் செத்துப்போவேன் என்றாள் கெளுத்தி. குளத்துத் தண்ணீரைக் கலந்து இரண்டு நாள் ஆறப்போட்டு, ஆம்பல் கிழங்கும் ஊன்றிவைத்தார். தினம் ஒரு குடம் பழைய தண்ணீர் வெளியே, ஒரு குடம் புதுத் தண்ணீர் உள்ளே. மண் பிசையும்போது கிடைக்கிற புழுவெல்லாம் கெளுத்திக்கு.

எல்லாரும் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவருடைய பெண்சாதி ராக்கு மட்டும், சின்னதுகள் எங்கே இருக்கும் என்று கேட்டாள். அவளே மூங்கிலைச் சீவி, நெருக்கமாக ஒரு தட்டி பின்னி, தண்ணீருக்கு நடுவே ஊன்றிவைத்தாள். தண்ணீர் போகும், வரும். வேறொன்றும் போகாது, வராது.

நுணலி தட்டிக்கு இந்தப்பக்கம், மண் சரிவை ஒட்டி முட்டையிட்டாள். பொரித்தன. தலைப்பிரட்டைகள் எள்ளை அள்ளித் தெளித்தாற்போல் நெளிந்தன. மூன்று வருசத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். ஆனால் எத்தனை என்று எண்ணவில்லை. பெற்ற பிள்ளையை எண்ணினால் தாய்க்கண்ணே பட்டுவிடும் என்பது அவர்கள் வழக்கம்.

மூன்றாம் நாள் கெளுத்தி அழுதாள். தன்னைத் திருடி மாதிரி அடைத்து வைத்திருப்பதாகவும், வருகிறவர் போகிறவரெல்லாம் தட்டியையும் தன் மீசையையும் மாறிமாறிப் பார்ப்பதாகவும், பெரியம்மா என்று ஒரு பிள்ளை தன்னிடம் வந்ததுண்டா என்றும் சொல்லிச் சொல்லி அழுதாள். நுணலிக்குப் பொறுக்கவில்லை. ராக்குவிடம் போய்த் தட்டியை எடுத்துவிடச் சொன்னாள்.

ராக்கு முடியாது என்றாள். அதோடு விட்டிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்கிறார்களே, அது பாம்புக்குக் கேட்கிறாற்போல் கத்துவதை மட்டும் சொன்னது இல்லை.

"உங்க வீட்டுச் சோத்துப் பானைக்கும் உங்க நாத்தனாருக்கும் நடுவுல தட்டி வச்சிருக்கீங்களா தாயி?" என்று கேட்டாள் நுணலி.

ராக்குவுக்கும் நாத்தனாருக்கும் அந்த வருசம் பேச்சுவார்த்தை இல்லை. சுருக்கென்று தைத்துவிட்டது. எழுந்துபோய்த் தட்டியைப் பிடுங்கி, எரிந்துகொண்டிருந்த சூளையில் செருகிவிட்டு வந்தாள்.

கெளுத்தியைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். எட்டு நாள் அவள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பார்த்தாள். முதுகில் ஏற்றிக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நுணலி வல்லாரை அடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

ஒன்பதாம் நாள் வேளான் பானைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். மண் பிசைய ஆளில்லை, புழுவும் இல்லை. ராக்கு ஒரு பிடி தவிடாவது போட்டிருக்கலாம். மறந்தாளா, மனசில்லையா, அது அவளுக்குத்தான் வெளிச்சம். நுணலிக்குக் கவலையில்லை, கரையில் எறும்பும் பூச்சியும் கிடைத்தன. அக்காளுக்கு இரை உண்டா என்று அவள் கேட்கவும் இல்லை.

பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், வெயிலுக்கு ஆம்பல் இலைக்கடியில் இருக்கின்றன என்பாள் கெளுத்தி. இரண்டு தலை தெரியும். நுணலி சமாதானமாகிவிடுவாள். அப்படியே நாட்கள் போயின. ஒரு நாள் காலையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நுணலி சரிவில் இறங்கி ஒவ்வோர் இலையாகத் தூக்கிப் பார்த்தாள். கடைசி இலைக்கடியில் கெளுத்தி வயிறு புடைத்துக் கிடந்தாள்.

"அக்கா, பிள்ளைங்க எங்கே?"

கெளுத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"மொத நாளு ஒண்ணுதான் தங்கச்சி. பசி தாங்கல. நீ தேடுவேன்னு நடுங்கிக்கிட்டே கெடந்தேன். நீ தேடல. எண்ணிப் பார்த்திருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்."

தின்றவள் தின்றாள், பழியையும் பெற்றவள் தலையில் வைத்துவிட்டாள். அதைவிடக் கொடுமை, அதில் பாதி நிசம். நுணலியால் ராக்குவிடம் போகவும் முடியாது. எந்த முகத்தோடு போவாள்? தொட்டியைத் தாண்டிக் குதித்து, வரப்பு ஓரம் ஒரு பொந்துக்குள் போய்க் கிடந்தாள்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. வேளான் கெளுத்தியைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டார். நுணலிக்கு மறுபடியும் வயிறு கனத்தது. அவள் குளக்கரை வரைக்கும் போனாள். தண்ணீருக்குள்ளிருந்து, "வா தங்கச்சி, இப்ப எனக்கு இரைக்குப் பஞ்சமில்ல," என்று கெளுத்தி கூப்பிட்டாள். உண்மையாகவே பாசமாகத்தான் கூப்பிட்டாள். நுணலி திரும்பி நடந்தாள்.

பாதையில் மாட்டுவண்டித் தடம் ஒன்று பள்ளமாகி, ஒரு சாண் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் இறங்கி முட்டையிடத் தொடங்கினாள். அந்த வழியாகக் களிமண் கூடையோடு வந்த ராக்கு பார்த்துவிட்டு நின்றாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

"நாலு நாள் வெயில் அடிச்சா வத்திப்போகுமே, நுணலி."

"வத்தட்டும் தாயி," என்றாள் நுணலி. "வெயிலு என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதுல்ல."

அந்த மழைக்குப் பிறகுதான், பக்கத்திலேயே குளம் நிறைந்து கிடந்தாலும், தவளை வண்டித் தடத்திலும் குளம்படிப் பள்ளத்திலும் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. பாதிக்குமேல் வெயிலில் காய்ந்துபோகின்றன. அதற்கும் அது தெரியும்.