சக்கரம் தனி விலை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த ஒரு தேசத்தில், ஒரு ராஜாவுக்குப் புதுத் தேர் மேல் பைத்தியம் பிடித்தது. பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தபோது ஏறி வந்த தேர் கொஞ்சமும் குலுங்கவில்லையாம். நம் ராஜாவின் தேரோ கிளம்பினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். போதாதா? ராஜா சரியாகச் சாப்பிடவில்லை. ராணி பேசினால் 'உம்' கூடக் கொட்டவில்லை.

அந்த ஊரில் தேர் வாங்க வேண்டுமென்றால் இரத்தினசபாபதி என்ற வியாபாரியிடம்தான் போக வேண்டும். அவர் பட்டறை வாசலில் அரக்குச் சிவப்பில் ஒரு தேர் நின்றது. ஊரில் யாராவது பெரிய மனிதர் கேட்டால் நானூறு பொன் சொல்லுவார். அரண்மனையிலிருந்து கேட்கிறார்கள் என்றதும் ஆயிரம் என்றார். இது அவர் புத்தி மட்டுமில்லை. கருவூல அதிகாரி அம்பலவாணர் முதல் நாளே போய், விலையை ஏற்றிச் சொல், ஏற்றியதில் பாதி எனக்கு என்று காதைக் கடித்துவிட்டு வந்திருந்தார்.

அம்பலவாணருக்குப் பொன் மேல் மட்டும் ஆசையில்லை. சபையில் மருதக்கூத்தன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜா வெற்றிலைத் தட்டை நீட்டினால் முதல் வெற்றிலை கூத்தனுக்குத்தான் போகும். அது அம்பலவாணருக்கு நெஞ்சில் முள். முதலில் கூத்தன் தோற்று வெளியேற வேண்டும், பிறகு ஆயிரத்துக்கே தேரை வாங்கித் தன் பங்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க நினைத்தார் மனுஷர்.

மறுநாள் சபையில் எழுந்து, இந்த வருஷம் தேருக்கென்று ஐந்நூறு பொன்தான் ஒதுக்க முடியும் என்று கையை விரித்தார். ராஜாவின் முகம் சுருங்கியது. உடனே, "நம் கூத்தனால் ஆகாத காரியம் உண்டா மகாராஜா? இந்த ஐந்நூறு பொன் பையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்" என்று தேன் ஒழுகச் சொன்னார்.

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

"கூத்தா, நாளைக்கு வியாபாரி தேரோடு இங்கே வருவார். நீ வாங்க வேண்டும். ஆனால் ஒன்று. ராஜா வீட்டில் பேரம் பேசினார்கள் என்று நாளைக்கு ஒருவன் சொல்லக் கூடாது. அவர் எதற்கு என்ன விலை சொன்னாலும் ஒரு காசு குறை என்று நீ கேட்கக் கூடாது. கடன் சொல்லக் கூடாது, மிரட்டக் கூடாது. இந்தப் பைக்கு மேலும் போகக் கூடாது."

"முடியாவிட்டால், மகாராஜா?" என்று கேட்டது கூத்தன் அல்ல, அம்பலவாணர்.

ராஜா சற்று யோசித்தார். "முடியாவிட்டால் சபையில் அவன் ஆசனம் காலி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் ராஜா வாயிலிருந்து விழுந்தால் விழுந்ததுதானே.

கதைகளில் வரும் விகடகவிகளுக்கெல்லாம் யோசனை மடியிலேயே இருக்கும். கூத்தனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. விகடம் தவிர வேறு தொழில் தெரியாதவன். அரண்மனைக் கதவு சாத்திக்கொண்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் மனைவி தையல்நாயகியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பயம்தான், வேறென்ன?

தையல்நாயகி சந்தைக்குப் போனால் கீரைக்காரிகள் எல்லாரும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்கள். வாங்கிய கீரைக்கு மேல் கொசுறாக நாலு கொத்துமல்லித் தழை பிடுங்காமல் நகராதவள். "விலையக் குறைன்னு கேக்கக் கூடாதுன்னுதானே ராஜா சொன்னாரு? கொசுறு கேக்கக் கூடாதுன்னு சொன்னாரா? போய்க் கேளுங்க. வாய் இருந்தா வழி இருக்கு" என்றாள். நாலு கொத்துமல்லித் தழைக்கும் ஒரு தேருக்கும் என்ன சம்பந்தம் என்று கூத்தனுக்குப் புரியவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் தேர் வந்து நின்றது. ராஜா படிக்கட்டில் ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சபையோர். அம்பலவாணர் முன்வரிசையில் நின்றார்.

கூத்தன் தேரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "தேர் என்ன விலை?" என்றான். ஆயிரம் பொன் என்றார் வியாபாரி. "நல்லது" என்றான் கூத்தன். சபையே சிரித்தது. பையில் ஐந்நூறை வைத்துக்கொண்டு நல்லது என்கிறானே!

கூத்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொசுறாக என்ன தருவீர்கள் என்று கேட்டான். வேண்டுமானால் ஒரு மணி, ஒரு குஞ்சம்.

இரத்தினசபாபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "கொசுறா? இது என்ன கீரைக் கடையா ஐயா? எங்க கிட்ட ராஜாத் தேருக்குச் சக்கரமே தனி விலை!"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கூத்தனின் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கெட்டிக்காரன் என்றால் அவன்தான் கெட்டிக்காரன்! சக்கரம் என்ன விலை என்று பணிவாகக் கேட்டான். நாலும் சேர்த்து நூற்றிருபது என்றார் வியாபாரி. வாங்குகிறோம் என்றான் கூத்தன்.

"ஆயிரத்து நூற்றிருபது! எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சாட்சி" என்று உரக்கச் சொன்னார் அம்பலவாணர். விலை ஏற ஏற அவருக்குக் குளிர்ந்தது. கூத்தன் மூழ்குகிறான் அல்லவா?

கூத்தன் அச்சைத் தொட்டான். அச்சும் தனிதான், அறுபது. நுகத்தடியைத் தொட்டான். அதுவும் தனி. இப்படிக் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் ஆளை வியாபாரி தன் ஆயுசில் கண்டதில்லை. ஆயிரம் வரப்போகிறது என்ற நினைப்பில், மற்றதற்கெல்லாம் வாய்க்கு வந்த சில்லறை விலையைச் சொல்லிக்கொண்டே போனார். ஆசனம் தனி. விதானம் தனி. கொடிக்கம்பம் தனி. நிற்கும் தட்டைத் தொட்டபோது மட்டும் கொஞ்சம் தயங்கி அம்பலவாணரைப் பார்த்தார். அவர் கண்ணைக் காட்டினார். தட்டும் தனியாயிற்று.

"ஆணிகள்?" என்றான் கூத்தன்.

"அதுவும் தனிதான். பத்துப் பொன்."

"வாங்குகிறோம். இனி ஏதாவது பாக்கி உண்டா?"

வியாபாரி தேரை மேலும் கீழும் பார்த்தார். தனியாக விலை போடாத துண்டு ஒன்றும் மிச்சமில்லை. அவ்வளவுதான் என்றார்.

கூத்தன் பையை அவிழ்த்தான். சக்கரம் முதல் ஆணி வரைக்கும் சொன்ன விலையைச் சொன்னபடியே எண்ணி வைத்தான். நானூற்று முப்பது ஆயிற்று. மீதியோடு பையைக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"தேருக்கு ஆயிரம் எங்கே?" என்றார் வியாபாரி.

"தேர் எங்களுக்கு வேண்டாம் ஐயா. ஆயிரம் அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன், குறைக்கவும் கேட்க மாட்டேன். மற்றதையெல்லாம் நீங்கள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டோம். உங்கள் தேரை நாங்கள் தொடவே இல்லை. தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம்."

அம்பலவாணர்தான் முதலில் துள்ளினார். "மோசடி! மகாராஜா தேர் வாங்கச் சொன்னார். இவன் தேர் வாங்கவில்லை என்று இவனே சொல்லுகிறான். ஆசனம் காலி!"

கூத்தன் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினான். "மகாராஜா, நான் வாங்கிய சாமான்கள் மேல் ஏறி உட்காருங்கள். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வழியில் தேர் இல்லாத குறை எங்காவது தெரிந்தால், நான் இப்படியே வீட்டுக்குப் போகிறேன்."

ராஜா படியிறங்கி வந்தார். அரண்மனைக் குதிரைகளைப் பூட்டச் சொல்லி ஏறி உட்கார்ந்தார். குதிரைகள் கிளம்பின. கூத்தன் அதே இடத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் கழித்து முதலில் வந்தது ராஜாவின் சிரிப்புச் சத்தம். அப்புறம்தான் குதிரைகள் வந்தன. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

"வழியெல்லாம் தேடினேன் கூத்தா. ஒரு குறையும் இல்லை!"

வியாபாரியிடம் நஷ்டமா என்று கேட்டார். இரத்தினசபாபதி நல்ல வேளையாக உண்மையைச் சொன்னார். ஊராருக்கு விற்பதைவிட முப்பது பொன் கூடவே வந்திருக்கிறது, ஆயிரம் என்றது என் கணக்கில்லை என்று சொல்லி, அம்பலவாணர் பக்கம் பார்த்தார். "பேரம் பேசுறவங்கள நிறையப் பாத்திருக்கேன் மகாராஜா. பேசாமலே ஜெயிச்ச மனுஷனை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று கூத்தனைக் கும்பிட்டார்.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார். பையில் இருந்த மீதிப் பொன்னையும் அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அம்பலவாணரைக் கூப்பிட்டு, தேர் நின்றிருந்த வெறுந்தரையைக் காட்டினார்.

"வியாபாரியின் ஆயிரம் பொன் தேர் பாவம், வெயிலில் நிற்கிறது. அவர் வந்து எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் நீர்தான் காவல். தேர் காணாமல் போனால் அந்த ஆயிரத்தையும் நீரே கட்ட வேண்டும்."

அம்பலவாணர் போய் நின்றார். வியாபாரியோ அன்று தேரை எடுக்க மறந்தே போனார். பொழுது சாயும் வரைக்கும் அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் சற்று ஒதுங்கி, தேரில் இடித்துக்கொள்ளாமல் நடந்தார்கள்.